அண்டை எட்டுப் பேர்

வால்பரைசோவில், மேட்டுத் தெருவின் மூன்றாம் மாடியில்
எலியேசெர் ஒரு முகத்தைப் பெரிதாக்குகிறான்.
பதினாறுக்குப் பதினாறு கட்டத்தில் குடியிருக்கும் முகம்:
தொப்பிக்கு ஐந்து புள்ளி, மீசைக்கு மூன்று,
கண்ணுக்கு ஒன்றே ஒன்று.
கலங்கரை விளக்கின் காவலாள்.
விளையாட்டில் அவனுக்குப் பெயர் இல்லை,
எழுத நினைவகத்தில் இடம் போதவில்லையோ என்னவோ.

"இப்போது பார், யஸ்னா."
வடிகட்டியை முடுக்குகிறான்.

அது செய்வது இவ்வளவுதான்:
ஒவ்வொரு புள்ளியிடமும் போய் நிற்கும்,
எட்டுத் திக்கிலும் அண்டை வீட்டாரை விசாரிக்கும்.
இவன் உங்களில் ஒருவனா?
ஆம் என்றால் கோட்டை நீட்டும், மூலையை மழிக்கும்.
இல்லையென்றால் அவனையும்
அவர்கள் நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

படிக்கட்டு சறுக்குமரமாயிற்று.
காவலாள் அதில் ஏறுகிறான்,
இல்லாத படிக்குக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து.
மீசை வழிந்து வாயில் சேர்ந்தது.
முகம், கழுவுதொட்டியில் ஊறிக் கிடந்த சோப்புக்கட்டி.
யஸ்னா சிரித்துவிட்டாள்.

அவனுக்கு வந்ததே கோபம்.
"சதுரம் சதுரமாக இருந்தால்தான் அசலா?
இதை வரைந்தவள் சதுரத்தைக் கண்டதே இல்லை.
அவள் மேசையில் இருந்தது குழல் டிவி.
சிவப்பு பக்கத்துக் கட்டத்தில் கால் நீட்டி உட்காரும்,
வெள்ளை கசியும்.
அந்தக் கசிவையும் சேர்த்துத்தான் அவள் கணக்குப் போட்டாள்."

அவன் சொன்னது சரி.
அதுதான் அவளுக்கு எரிச்சல்.
ரொட்டியில் அவகாடோவைத் தடவி
வாயில் கவ்விக்கொண்டு ஆட உட்கார்ந்தாள்.

மூன்றாம் இரவில் ஒரு படகு வர வேண்டும்.
தொடுவானில் ஒற்றை மஞ்சள் புள்ளி.
கண்டதும் விளக்கை ஏற்ற வேண்டும், அவ்வளவே ஆட்டம்.
காத்திருந்தாள்.
கடல் இஸ்திரி போட்டதுபோல் கிடந்தது.
காத்திருந்தாள்.
பாறையில் மோதும் ஓசைதான் வந்தது.

பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார்கள், சட்டம் சட்டமாக.
படகு வந்துதான் இருந்திருக்கிறது.
வடிகட்டி விசாரித்திருக்கிறது.
எட்டுப் பேரும் நீலம்.
எட்டுப் பேரும் தெரியாது என்றார்கள்.

(இதைத் தமிழில் எழுதுகிற எனக்குத் தெரியும்,
கடலின் கடைசி எழுத்தில் புள்ளி அழிந்தால்
கேட்காமலே ஓர் அகரம் வந்து ஏறிக்கொள்ளும்.
கடல.
மெய் என்று அப்புறம் அதைச் சொல்ல முடியாது.)

எலியேசெர் ஒன்றும் பேசாமல்
ஒரு வரி சேர்த்தான்:
தனியாக நின்றால் தொடாதே.
படகு வந்தது.
கூடவே அத்தனை தூசும் வந்தது.
வானம் மிளகு தூவிய முட்டைபோல் ஆகிவிட்டது,
காவலாளின் கன்னத்தில் ஒரு பரு.
"போதுமா?" என்றான்.
யஸ்னா கோட்டை மாட்டினாள்.

துறைமுகத்தில் அவளுக்கு இரவு முறை, ரேடார்த் திரை.
அங்கேயும் ஒரு குமிழ் உண்டு.
மழையை வடிகட்டுவாள், அலையை வடிகட்டுவாள்.
நூறு ஒற்றைப் புள்ளியில் தொண்ணூற்றொன்பது அலைதான்,
குமிழைத் திருகாமல் ஒரு கப்பலையும் கரை சேர்க்க முடியாது.
இதை அவனிடம் அவள் சொல்லவில்லை.
சொன்னால் ஜெயித்துவிடுவான்.

இறங்கும்போது மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது.
எதிர் மேட்டின் ஜன்னல்கள்,
மஞ்சள், ஆரஞ்சு, எவனோ போட்ட பச்சை விளக்கு,
ஒன்றுக்குள் ஒன்று கரைந்தன.
அழகாகத்தான் இருந்தது.

இரண்டு மணி இருபது.
திரையின் வடமேற்கில் ஒரு புள்ளி.
அடுத்த சுற்றில் காணோம்.
அதற்கடுத்ததில், கொஞ்சம் தள்ளி, இருப்பது மாதிரி.
கை குமிழுக்குப் போயிற்று,
பழக்கம்.
எடுத்துக்கொண்டாள்.
ஒலிவாங்கியை அழுத்தி,
யார் அங்கே என்று
எட்டுத் திக்கையும் விட்டுவிட்டு
புள்ளியிடமே கேட்டாள்.